ஏமாற்றுக்காரிக்குத் தினம் ஒரு பக்கம்

சிதம்பரம் யாரையும் நம்ப மாட்டார். மற்றவர்கள் அதைக் குறை என்றார்கள். அவர் அதைத் தன் சொத்து என்று நினைத்தார். வீடு ஊரின் ஒரு கோடியில், சுவா சூ காங்கில். ஆனால் அங்கே விற்கிற மீன் மேல் நம்பிக்கை கிடையாது. தினமும் காலையில் ரயிலேறி டேக்கா சந்தைக்கு வருவார். அங்கேயும் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது நேத்து மீன்" என்று மீன்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அதே மீனை வாங்கிப் போவார்.

ஒருமுறை சமூக மன்றத்துக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். மோசடிக்காரர்களிடம் ஏமாறாதீர்கள் என்று வயதானவர்களுக்குப் புத்தி சொல்லத்தான் வந்தார். சிதம்பரம் எழுந்து நின்று, "நீங்க போலீஸ்தான்னு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார். போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே அடையாள அட்டையை நீட்டினார். சிதம்பரம் அதை வெளிச்சத்தில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பரவால்ல, நல்லாத்தான் செஞ்சிருக்காங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் காலை சந்தையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து அவர் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது.

'வணக்கம் சிதம்பரம் ஐயா. நான் இளமதி. உங்கள் பக்கத்துக்காகக் காத்திருக்கிறேன். கை நடுங்கினாலும் வெட்கப்பட வேண்டாம். மனதில் உள்ளதை ஒரே ஒரு பக்கம் எழுதிப் படம் பிடித்து அனுப்புங்கள்.'

சிதம்பரம் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு தேநீர்க் கடை அர்ஃபானைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அண்ணே, இது அதேதான்" என்றார் அர்ஃபான். "முதல்ல ஐயாம்பாங்க. அப்புறம் அன்பேம்பாங்க. அப்புறம் பேங்க் நம்பர். பிளாக் பண்ணிடுங்க லா."

"பேரைப் பாத்தியா? இளமதியாம். தடிமாடு மாதிரி ஒருத்தன் எங்கயோ பனியனோட உக்காந்துகிட்டுத் தட்டுறான்."

"அதான் சொல்றேன், பிளாக்."

"பிளாக் பண்ணா அவன் அடுத்த கிழவன்கிட்டப் போவான். என்கிட்ட இருக்கட்டும். அவன் நேரத்தை நான் திங்கிறேன். பேனா குடு."

அர்ஃபான் காதிலிருந்த பேனாவை எடுத்துக் கொடுத்தார். மளிகை சாமான் வந்த அட்டைப் பெட்டியில் கிடந்த ஒரு வெள்ளைத் தாளையும் கொடுத்தார்.

சிதம்பரம் பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவர். பிறகு ஜாலான் புசாரில் ஒரு கடைக்கு லாரி ஓட்டினார். கழிவறைப் பீங்கானும் கை கழுவும் தொட்டியும் ஊரெல்லாம் கொண்டுபோய் இறக்குகிற வேலை. அத்தனை வருஷத்தில் அவர் தமிழில் எழுதியது ஒரே ஒரு சொல். ஊரிலிருந்து வந்து சுமை தூக்குகிறவர்களுக்குப் புரியட்டும் என்று பெட்டிகளின் மேல் 'உடையும்' என்று எழுதுவார். அந்தக் கை இப்போது தாள் மேல் வந்து நின்றது. என்ன எழுதுவது? இவனுக்கு வேண்டியது நம்பர். தருகிறேன் என்று ஆசை காட்ட வேண்டும், தரக் கூடாது. அவ்வளவுதானே?

'இளமதிக்கு. இன்றைக்கு நிச்சயமாக என் பேங்க் நம்பரை உனக்குத் தந்துவிடலாம் என்று கிளம்பினேன். லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே ஒரு மலைப்பாம்பு படுத்திருந்தது. அதற்குப் பன்னிரண்டாம் மாடிக்குப் போக வேண்டுமாம். கை இல்லாததால் பொத்தானை அமுக்க ஆள் பார்த்துக்கொண்டிருந்ததாம். பாவம் என்று அமுக்கினேன். மரியாதைக்கு வீடு வரைக்கும் வாருங்கள் என்றது. போனேன். அதன் வீட்டில் நாற்காலி இல்லை...'

பக்கம் நிரம்பியது. படம் பிடித்து அனுப்பினார். மீனை எடுத்துக்கொண்டு எழுவதற்குள் பதில் வந்துவிட்டது.

'ஐயா, வயிறு வலிக்கச் சிரித்தேன். நாளைக் காலையும் காத்திருப்பேன்.'

"பாத்தியா அர்ஃபான், நம்பரே கேக்கல. கைதேர்ந்தவன். நிதானமா வலை போடுறான்."

"நீங்களும் நிதானமாத்தான் போறீங்க" என்றார் அர்ஃபான்.

மறுநாள் நீர்நாய்கள் வந்தன. ரோச்சோர் கால்வாய் ஓரமாக பேங்க் அட்டையோடு நடந்து வந்த சிதம்பரத்தை நீர்நாய்க் குடும்பம் ஒன்று மறித்து, சோதனை போட்டு, அட்டையைப் பிடுங்கிக் குட்டிக்குப் பல் முளைக்கக் கடிக்கக் கொடுத்துவிட்டது. அதற்கு மறுநாள் வீட்டு வட்டாரத்தைச் சுற்றி ஓடுகிற குட்டி ரயில் எந்த நிலையத்திலும் நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்துச் சுற்றிச் சுற்றி வந்தது. உள்ளே இருந்தவர்கள் பொழுது போகாமல் ஒரு கல்யாணத்தையே பேசி முடித்து, தாலியும் கட்டி, பாயசம் பரிமாறக் கரண்டி இல்லாமல் சிதம்பரத்தின் அட்டையால் வழித்துப் போட்டார்கள். நம்பரெல்லாம் சேமியா. இன்னொரு நாள், மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்த ஒரு கழிவறைப் பீங்கான், தன்னை வாங்கியவர் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று லாரியிலேயே உட்கார்ந்து அழுதது. அதைச் சமாதானம் செய்வதற்குள் பேங்க் மூடிவிட்டது.

பொய் சொல்வது சுலபம் என்று நினைக்கிறவர்கள் தினமும் காலையில் ஒரு பக்கம் சொல்லிப் பார்க்க வேண்டும். சில நாள் ஒன்றும் வராது. தாள் அவரைப் பார்க்கும், அவர் தாளைப் பார்ப்பார். இரண்டு பேருமே முறைத்துக்கொண்டிருப்பார்கள். போகப் போக சிதம்பரம் சில சங்கதிகளைக் கண்டுபிடித்தார். தூணுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தால்தான் பொய் வரும். அந்த மேசையைப் பிடித்து வைக்க எல்லோரையும் போல டிஷ்யூ பொட்டலத்தைப் போட்டுவிட்டுத் தேநீர் வாங்கப் போவார். டிஷ்யூ மேலும் நம்பிக்கை போனபோது மீன் பையையும் சேர்த்து வைத்தார். அதற்குப் பிறகு பக்கத்து மேசையும் காலியாகவே இருந்தது. சாயங்காலம் எழுதிப் பார்த்தார். சாயங்காலப் பொய்யில் உப்பில்லை. தேநீர் தீர்ந்தால் பொய்யும் தீர்ந்தது, அதனால் சின்னச் சின்னதாக உறிஞ்சப் பழகினார். இன்றைய கதையைப் பாதியில் நிறுத்திவிட்டால் நாளைக்குச் சுலபம் என்பதும் அவருக்குப் புரிந்தது. லாரியில் பாதிச் சரக்கு மிச்சமிருந்தால் காலையில் கிளம்புவதற்கு யோசிக்க வேண்டியதில்லை, அந்த மாதிரி.

ஒரு நாள் காய்ச்சல். இன்றைக்கு விட்டுவிடலாமா என்று படுத்தபடி யோசித்தார். விட்டால் அந்தத் தடிமாடு என்ன நினைப்பான்? கிழவன் வேறொருத்தனிடம் ஏமாந்துவிட்டான் என்றுதானே நினைப்பான்? போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டிப் பேனாவைத் தேடினார். காய்ச்சலில் எழுதிய அந்தப் பக்கத்தில் இரண்டு யானைகள் பாசிர் ரிஸ் கடற்கரையில் குடை வாடகைக்கு விட்டன.

இதில் சந்தோஷம் இருந்தது என்பதை மட்டும் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். "பழி வாங்குறேன்" என்பார். பழி வாங்குகிறவர் காலையில் அலாரம் அடிக்கும் முன்பே எழுந்து, தலைக்கு எண்ணெய் வைத்து வழித்துச் சீவி, சீட்டியடித்துக்கொண்டு படியிறங்கினார்.

அந்தச் சீட்டிதான் மங்களத்தை உசுப்பியது. கல்யாணமான நாளிலிருந்து சீட்டியடிக்காத மனுஷன். ஒரு மத்தியானம் அவர் குளிக்கப் போயிருந்தபோது கைபேசி மினுக்கென்றது. மங்களம் எட்டிப் பார்த்தாள்.

'ஐயா, உங்கள் பக்கம் வராத காலை காலையே இல்லை. இளமதி.'

சிதம்பரம் குளித்துவிட்டு வந்தபோது தட்டில் சோறு இருந்தது. குழம்பு இல்லை.

"குழம்பு எங்க?"

"இளமதிகிட்டக் கேளுங்க."

"ஐயோ, அது பொம்பளையே இல்ல மங்களம். அது ஒரு தடிமாடு."

"தடிமாட்டுக்கா தலையில எண்ணெய் வெச்சிட்டுப் போறீங்க?"

வேறு வழியில்லாமல் கைபேசியையே நீட்டினார். மங்களம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். முகத்தைக் கடுகடுவென்றுதான் வைத்திருந்தாள். மலைப்பாம்பு வீட்டில் நாற்காலி இல்லாத இடத்தில் உதடு துடித்தது. நீர்நாயில் மூக்கு விடைத்தது. பீங்கான் அழுத இடத்தில் அவளால் முடியவில்லை, சோபாவில் சாய்ந்து, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அடுப்பில் குழம்பு தீய்ந்தது. இரண்டு பேருக்குமே அன்றைக்கு வெறும் சோறுதான்.

"ஆனா ஒண்ணு சொல்றேன்" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இத்தனை மிருகம் வருது, ஒரு மாமியார்கூட வரலையே. நாளைக்கு ஒரு மாமியாரை விடுங்க. உங்க அம்மாவையே விடுங்க."

மாமியார் வந்தாள். மலைப்பாம்புக்கே புத்தி சொன்னாள். பதிலாக இளமதியிடமிருந்து வந்ததோ இது:

'ஐயா, வரும் ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கள் நேரில் வர வேண்டும். சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடை மாடியில் எல்லோரும் உங்களைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள்.'

கீழே கடையின் பெயரும் இருந்தது.

"எல்லாரும்னா பாத்துக்க. கும்பலே இருக்கு" என்றார் சிதம்பரம். அவர் கண் பளபளத்தது. "கையும் களவுமா புடிக்கிறேன்."

"தனியா போகாதீங்க. நானும் வர்றேன்" என்றாள் மங்களம். அவளுக்கு அந்தத் தடிமாட்டைப் பார்க்க ஆசை.

ஞாயிற்றுக்கிழமை தேங்கித் தேங்கி நகர்ந்த கூட்டத்தை இடித்துக்கொண்டு இருவரும் போனார்கள். போகிற வழியில் அர்ஃபானிடம், "டீ போட்டு வை. அது ஆறுறதுக்குள்ள நான் வரலைன்னா போலீசுக்கு அடிச்சிடு" என்றார் சிதம்பரம்.

"அதே போலீசா? அட்டை செஞ்சவரா?" என்றார் அர்ஃபான்.

மாடிக்கதவை சிதம்பரம் தோளால் தள்ளித் திறந்தார். உள்ளே நீள மேசை. இட்லி, வடை, சாம்பார் வாளி. சுற்றிலும் நடுவயதும் முதுவயதுமாக ஆண்களும் பெண்களும். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் எழுந்து ஓடி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். நரைத்த முடி, சிரித்த முகம்.

"சிதம்பரம் ஐயாதானே? நான்தான் இளமதி."

மொத்த மேசையும் கைதட்டியது.

சிதம்பரம் இதை எதிர்பார்க்கவில்லை. கும்பல் கைதட்டும் என்று போலீஸ்காரர் சொல்லவில்லை. அதற்குள் மங்களம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரே மாதிரி மஞ்சள் துணிப்பை தொங்கியது. எல்லாப் பையிலும் 'தினம் ஒரு பக்கம்' என்று அச்சடித்திருந்தது.

"என்னங்க" என்றாள் சன்னக் குரலில். "இந்தப் பை நம்ம வீட்டுல இருக்கு. ரெண்டு இருக்கு."

பொங்கல் சந்தையில் ஒரு கூடாரத்தில் பெயர் கொடுத்தவர்களுக்கெல்லாம் பை இலவசம் என்றார்களாம். ஆளுக்கு ஒன்றுதான் என்றார்களாம். மங்களம் தன் பேரைக் கொடுத்து ஒன்று வாங்கி, தங்கைக்கு ஆகட்டுமே என்று புருஷன் பேரையும் நம்பரையும் கொடுத்து இன்னொன்று வாங்கியிருந்தாள். எதற்காகப் பேர் கேட்டார்கள் என்பதை அவளும் கேட்கவில்லை. இலவசம் கொடுக்கிறவர்களிடம் யார் காரணம் கேட்கிறார்கள்?

"உனக்கு அவங்க செய்தி அனுப்பலையா?" என்றார் சிதம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அனுப்பினாங்க. நான் பிளாக் பண்ணிட்டேன்."

இளமதி எல்லாவற்றையும் விளக்கினாள். பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. வர மறந்தவர்களுக்கு ஞாபகப்படுத்தியே பழகிய கை. எழுத ஆசை இருந்தும் தினமும் உட்கார முடியாதவர்களைச் சேர்த்துக்கொண்டு, காலையில் தட்டியெழுப்பி ஒரு பக்கம் வாங்குகிறாள். வந்ததைச் சந்திப்புக்கு வருகிறவர்களுக்குப் படிக்க அனுப்புகிறாள். அவ்வளவுதான்.

"அப்ப நீ ஏமாத்துக்காரி இல்லையா?"

"இல்லைங்க ஐயா."

"கொஞ்சம்கூட?"

"இல்லைங்களே" என்றாள் இளமதி, தப்புச் செய்துவிட்டவளைப் போல.

சிதம்பரம் தொப்பென்று உட்கார்ந்தார். அவர் தட்டில் இட்லி வந்து விழுந்தது. பாராட்டும் விழுந்தது. பதுருன்னிசா என்ற அம்மாள், "எனக்கு எழுத உட்காந்தா போதும், அடுப்படி அழுக்கெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுது. இப்ப வீடு கண்ணாடி மாதிரி இருக்கு. தாளும் அதே மாதிரி சுத்தமா இருக்கு. நீங்க எப்படிங்க தினமும் எழுதுறீங்க?" என்று கேட்டாள். ஒருத்தர் காலைத் தொட்டுக் கும்பிடவே வந்துவிட்டார். மூலையில் ஒரு ஒல்லி மனிதர் மட்டும் கண்ணாடிக்கு மேலாகச் சிதம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது இளமதி ஒன்று சொன்னாள். "ஒரே ஒரு விதிதாங்க ஐயா. ஒரு சந்திப்புக்கும் அடுத்த சந்திப்புக்கும் நடுவுல ஒரு பக்கம்கூட வரலைன்னா, அந்த இடத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவோம். நிறையப் பேர் காத்திருக்காங்க. உங்களுக்கு அந்தக் கவலையே இல்லை."

மறுநாள் காலை தூணுக்குப் பக்கத்து மேசை, டிஷ்யூ, மீன், தேநீர், எல்லாம் சரியாக இருந்தன. 'இளமதிக்கு. இன்றைக்கு நிச்சயமாக' என்று எழுதினார். பேனா நின்றது. இளமதிக்கு அவர் நம்பர் வேண்டாம். யாருக்குமே வேண்டாம். அந்த நல்ல அம்மாளிடம் எதற்குப் பொய் சொல்வது? எந்த மலைப்பாம்பும் லிஃப்டில் வரவில்லை. தேநீர் தீர்ந்தது. இன்னொன்று வாங்கினார், அதுவும் தீர்ந்தது.

அதற்கு மறுநாளும் அப்படியே. மனசிலிருக்கிறதை எழுதுங்கள் என்றார்கள். மனசைத் தேடிப் பார்த்தார், மீன் விலைதான் இருந்தது. பதுருன்னிசா சொல்லியனுப்பியபடி ஊதுபத்தி ஏற்றினார், உணவங்காடி ஊழியர் வந்து அணைக்கச் சொன்னார். இன்னொருவர் சொன்னார் என்று நல்ல பேனா ஒன்று வாங்கினார். அது அவ்வளவு வழவழப்பாக ஓடியதால் யார் எழுதுகிறார்கள் என்றே தெரியவில்லை. எழுதியதை வாசித்தார். 'காலைப் பொழுது மிக இனிமையானது.' தாளைக் கசக்கி மீன் பைக்குள் போட்டார்.

இளமதியின் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. சிதம்பரம் பல் பிடுங்கப் பயந்தவர் மாதிரி பதில் போடாமல் இருந்தார். சீட்டி நின்றது. எண்ணெய் நின்றது. காலையில் இருந்த அந்த ஒரு மணி நேரம் போனதும் மிச்ச நாள் முழுக்கக் காலி லாரி மாதிரி கடகடவென்று ஆடியது. இது எனக்கு இவ்வளவு வேண்டியிருந்ததா என்று அவருக்கே ஆத்திரமாக வந்தது.

"என்னை ஏமாத்துறவன்னு நினைச்சு எழுதுங்க" என்றாள் மங்களம்.

"உன்னை நான் நம்புறேனே."

மங்களத்துக்கு இது இத்தனை வருஷமாகத் தெரியாது. சும்மா இருக்கட்டும் என்று அன்றைக்கு ஒரு அப்பளம் அதிகமாகப் பொரித்தாள். ஆனால் பக்கம் வரவில்லை.

அடுத்த சந்திப்பு வந்துவிட்டது. அவர் ஒரு பக்கம்கூடத் தரவில்லை. இடம் போகப் போகிறது. தானே போய்ச் சொல்லிவிட்டு வருவதுதான் மரியாதை என்று மங்களத்தோடு படியேறினார். மாடியில் எல்லோரும் அவரைப் பார்த்து எழுந்து நின்றார்கள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இளமதி, என் இடத்தை யாருக்காவது குடுத்திரு" என்றார். "எனக்கு இப்ப வரலை."

இளமதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மூலையிலிருந்து ஒரு தொண்டை செருமியது.

"அது எப்படி வரும்?"

அந்த ஒல்லி மனிதர்தான். பெயர் சுந்தரேசன். ஒரு காலத்தில் பஸ்ஸில் ஏறி டிக்கெட் சோதிக்கிற இன்ஸ்பெக்டராக இருந்தவர். அந்த வேலையை விட்டும் அந்தப் பார்வையை விடாதவர்.

"யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றார். "இப்பல்லாம் கதை கேட்டா கம்ப்யூட்டரே எழுதிக் குடுக்குது. மலைப்பாம்பு, நீர்நாய், குட்டி ரயில்ல கல்யாணம். ஐயா அஞ்சாவதுதான் படிச்சவர்னு அவரே சொன்னார். நேர்ல பாத்த பிறகு ஒரு பக்கமும் வரலை. எனக்கு என்ன தோணுதுன்னா, யாரோ எடுத்த டிக்கெட்டுல இவர் ஏறி வந்திருக்கார்."

"சுந்தரேசன் ஐயா" என்று இளமதி பதறினாள்.

"கம்ப்யூட்டரா?" என்றாள் மங்களம். "எங்க வீட்டு மனுஷனுக்கு ரைஸ் குக்கர்ல எந்தப் பொத்தானை அமுக்குறதுன்னே தெரியாது."

சிதம்பரம் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். அவர் முகத்தில் கோபம் வந்திருக்க வேண்டும். காது சிவந்துதான் இருந்தது. ஆனால் அவர் சுந்தரேசனைப் பார்த்த பார்வை, பாலைவனத்தில் தண்ணீர் வண்டியைப் பார்த்த பார்வையாக இருந்தது.

"என்னை நீங்க நம்பலை?"

"நம்பலை."

"நான் எழுதலைங்கிறீங்க?"

"எழுதலைங்கிறேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாளைக்கு மாத்திப் பேசக் கூடாது."

"மாத்த மாட்டேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தாள் குடுங்க" என்றார் சிதம்பரம்.

யாரோ தட்டுக்கு அடியில் விரிக்கிற தாளை உருவிக் கொடுத்தார்கள். ஓரத்தில் சாம்பார்க் கறை. பரிமாறுகிறவர் பேனாவைக் கொடுத்தார். சுந்தரேசன் எழுந்து வந்து, சிதம்பரத்தின் கைபேசியைக் கேட்டு வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, அவர் தலைக்குப் பின்னால் நின்றார். சிதம்பரம் இரண்டு கையையும் தேய்த்தார். பிடரியில் இன்ஸ்பெக்டரின் மூச்சு சூடாகப் பட்டது. எவ்வளவு சுகமாக இருந்தது அது. வந்தது பாருங்கள் அப்புறம். லாரி பிரேக் விட்டது மாதிரி வந்தது. எழுத எழுத அவரே சிரித்தார், சிரித்ததில் எழுத்து கோணியது. வடை வந்தது, வேண்டாம் என்று முழங்கையால் தள்ளினார். தாளின் முன்பக்கம் தீர்ந்து, கறையைச் சுற்றிக்கொண்டு எழுதினார்.

முடித்ததும் எழுந்து நின்று படித்தார்.

"'சுந்தரேசனுக்கு. இன்றைக்கு நிச்சயமாக உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். வழியில் ஒரு மனிதர் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடிக்குள் இருந்தவரிடம், டிக்கெட் எங்கே, என்று கேட்டார். உள்ளே இருந்தவரும், டிக்கெட் எங்கே, என்று கேட்டார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. காலையில் ஆரம்பித்த வழக்கு. சாப்பாட்டு நேரமும் ஆயிற்று. அவர் மனைவி இட்லி கொண்டுவந்து வைத்தாள். இது இட்லிதான் என்பதற்கு என்ன சாட்சி, என்றார். ஆட்டுக்கல் வந்து சாட்சி சொன்னது. நீ இட்லிக்குச் சொந்தக்காரி, உன் சாட்சி செல்லாது, என்றார். சட்னியைக் கூப்பிட்டார். சட்னி பயந்து தாளிக்காமலேயே ஓடி வந்தது. அந்த நேரம் பார்த்து அவர் வேட்டியில் நெருப்புப் பிடித்தது. நெருப்பைப் பார்த்து, நீ எந்த ஸ்டாப்பில் ஏறினாய், என்றார்...'"

அதற்கு மேல் கேட்கவில்லை. பதுருன்னிசா மேசையில் தலையைக் கவிழ்த்து அடித்துக்கொண்டிருந்தாள். இளமதி கண்ணீரும் மூக்குமாக இருந்தாள். பரிமாறுகிறவர் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். சுந்தரேசன் வாயை இறுக்கி வைத்திருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. கடைசியில் அதுவும் தாங்காமல் புரையேறி, மங்களம்தான் அவர் தலையில் தட்டினாள்.

"நெருப்பு என்ன சொல்லுச்சு?" என்றார் இருமலுக்கு நடுவே.

"நாளைக்குச் சொல்றேன்."

"இப்ப நம்புறீங்களா?" என்று இளமதி சுந்தரேசனைக் கேட்டாள்.

நம்பிவிடுவாரோ என்று சிதம்பரம் பயந்தார்.

"எப்படி நம்புறது?" என்றார் சுந்தரேசன் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ஒரு பக்கத்தை மனப்பாடம் பண்ணிட்டு வந்து எழுதியிருக்கலாம் இல்ல? தினமும் வரட்டும், பாக்கலாம்."

"அப்படிக் கேளுங்க" என்றார் சிதம்பரம், அவர் கையைப் பிடித்து உலுக்கி. இளமதி சிதம்பரத்தின் பெயரை அடிக்க எடுத்த பேனாவை மூடிவைத்தாள்.

மறுநாளிலிருந்து தூணுக்குப் பக்கத்து மேசையில் 'சுந்தரேசனுக்கு' என்றுதான் பக்கம் தொடங்கியது. படம் போய்ச் சேர்ந்ததும் பதில் வரும்: 'நம்பவில்லை.' அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டுத்தான் சிதம்பரம் மீன் வாங்கவே எழுவார். சீட்டி திரும்பி வந்தது. எண்ணெய் திரும்பி வந்தது. நெருப்பு ஜாலான் புசாரில் இறங்கிக் கட்டணம் கட்டிவிட்டுத்தான் போனது. கண்ணாடிக்குள் இருந்தவர் வெளியே வந்து பென்ஷன் வாங்கிக்கொண்டார்.

ஒரு நாள் காலை பதில் வேறு மாதிரி வந்தது. 'ஐயா, நான் பேசியது தவறு. நீங்கள்தான் எழுதுகிறீர்கள். முழுமையாக நம்புகிறேன். மன்னிக்கவும்.'

சிதம்பரம் தேநீரைக் கீழே வைத்தார். உடனே அழைத்தார்.

"இன்ஸ்பெக்டர், என்ன இது?"

"மனசு கேக்கலைங்க. பாவம் பெரிய மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டோமேன்னு."

"யாரு உங்களை நம்பச் சொன்னது? மாத்திப் பேச மாட்டேன்னு சொன்னீங்களா இல்லையா? நாளைக்கு நான் என்ன பண்றது?"



"சரி" என்றார் சுந்தரேசன். "நம்பலை."

"அப்படி இல்லை. மனசார."

"மனசார நம்பலைங்க. நீங்க ஒரு எழுத்துகூட எழுதலை. சத்தியமா."

சிதம்பரம் போனை வைத்தார். ஆனாலும் திருப்தி வரவில்லை. குரல் கொஞ்சம் இளகி இருந்ததே? நிஜமாகவே நம்பாமல் சொல்கிறாரா, இல்லை கிழவன் சந்தோஷப்படட்டும் என்று நம்பாத மாதிரி நடிக்கிறாரா? பஸ்ஸில் அத்தனை வருஷம் ஏறி இறங்கிய ஆள். என்ன வேண்டுமானாலும் செய்வார்.

"அர்ஃபான்" என்று கூப்பிட்டார். "இன்னொரு தாள் குடு. இந்த ஆள் என்னை ஏமாத்தப் பாக்குறான்."